ஆளற்ற நிலம்: லின்னேயஸ் ட்ரைப்பின் புகைப்படங்களும் அவற்றுக்கு முந்தைய கண்களும்

கொஞ்ச நாள் முன்னாடி நாகர்கோவிலில் நண்பர்கள் பத்துப்பன்னிரண்டு பேர் கூடிய ஒரு கூட்டத்துக்கு, லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரையில் எடுத்த சில புகைப்படங்களின் நகல்களைக் கொண்டுபோயிருந்தேன். வைகை ஆறு, யானைமலை, புதுமண்டபம், திருமலை நாயக்கர் அரண்மனை. தோழர் ஒருவர் இரண்டு நிமிஷம் புரட்டிவிட்டு, "காலனியப் பார்வை, வேற என்ன" என்று சொல்லிக் கட்டைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஒரு விமர்சனச் சொல் பேச்சை அதோடு முடித்து வைத்துவிடுகிறது என்றால், அந்தச் சொல்லைக் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

அதே படங்களை இராஜாக்கமங்கலத்துக்கு எடுத்துவந்து பக்கத்து வீட்டுப் பாட்டாவிடம் காட்டினேன். எண்பது தாண்டியவர், தென்னை ஏறி ஓய்ந்தவர். வைகைப் படத்தைக் கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மக்கா, இது ஊரா? ஆளு ஒருத்தரயும் காணலியே. கொள்ள நோவு வந்து ஒழிஞ்சு போன ஊரா?" என்றார்.

தோழரின் பதிலைவிடப் பாட்டாவின் கேள்வி எனக்கு உபயோகமாக இருந்தது. ஒரு புகைப்படக்காரனின் கண் எங்கிருந்து வருகிறது, எதையெல்லாம் பார்த்துப் பழகி அது ஒரு நிலத்தை இப்படிப் பார்க்கிறது என்பதை விளங்கிக்கொள்ள அந்தக் கேள்வியின் பின்னால் போவதுதான் வழி என்று தோன்றியது.

ட்ரைப் 1822இல் இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன்போர்ட் என்ற கப்பற்படைத் துறைமுக ஊரில் பிறந்தவர். பதினாறு பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ராணுவத்தில் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் நீண்ட விடுப்பில் ஊர் போனபோது புகைப்படக்கலை கற்றுக்கொண்டார். 1853இல் லண்டனில் தொடங்கப்பட்ட புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரும் ஆனார். திரும்பி வந்து 1854இல் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்தார்; 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குப் போன தூதுக்குழுவோடு போனார். 1856இல் மதராஸ் அரசாங்கம் அவரைத் தன் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளோடு புறப்பட்டு, அடுத்த சில மாதங்களில் இராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். வடக்கே சிப்பாய்களின் எழுச்சி அடங்காத மாதங்கள் அவை. அந்தச் சமயத்தில் கம்பெனிப் படையின் கேப்டன் ஒருவர் தெற்கே கோயில் கோபுரங்களுக்கு எதிரில் முக்காலி நட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பயணத்தின் படங்கள் 1858இல் தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தன. மதுரைக்கு மட்டும் நாலு பகுதி. மதுரைக்குத் தெற்கே எதுவும் இல்லை. நம்ம பக்கம் அவர் வரவில்லை. இதற்குப் பிறகு வருகிறேன்.

கறுப்பு வெள்ளை என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அவருடைய பிரதிகள் பழுப்பும் ஊதாவும் கலந்த ஒரு நிறத்தில் இருக்கின்றன. படம் மங்கிப் போகாமலிருக்கத் தங்க உப்புக் கரைசலில் போட்டெடுத்த நிறம் அது. பிரிட்டிஷ் நூலகமும் அமெரிக்க அருங்காட்சியகங்கள் சிலவும் இவற்றைப் பொதுப்பார்வைக்கு வைத்திருக்கின்றன. 2014இலும் 2015இலும் வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரிய கண்காட்சியே நடந்தது.

*

பாட்டாவின் கேள்விக்கு ரொம்ப எளிதான ஒரு பதில் உண்டு: காகிதம் மந்தம். டால்பட் 1841இல் காப்புரிமை வாங்கிய காகித நெகட்டிவ் முறையை, பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1851இல் மெழுகு தடவிய காகிதமாகத் திருத்தி அமைத்தார். இந்தியாவில் ட்ரைப் பெரும்பாலும் கையாண்டது இந்த மெழுகுக் காகிதத்தைத்தான். முன்கூட்டியே தயார்பண்ணி வைத்துக்கொள்ளலாம், கண்ணாடித் தகடுபோல உடையாது, வெயில் நாட்டுப் பயணத்துக்குத் தோது. ஆனால் நல்ல வெளிச்சத்திலேயே நிமிஷக்கணக்கில் லென்ஸைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அத்தனை நேரம் அசையாமல் இருப்பதுதான் படத்தில் விழும். கல் விழும், மலை விழும். நடந்து போகிற ஆள் விழமாட்டார். தண்ணீர்க்குடத்தோடு வைகை மணலைக் கடந்துபோன ஒரு பெண், லென்ஸ் திறந்திருந்த அந்த நேரத்தில் படத்துக்குள் வந்து படத்துக்குள்ளேயே கரைந்துபோயிருப்பாள்.

இதன் சமூகவியலைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 1838இல் பாரிஸ் தெரு ஒன்றை டாகுவேர் எடுத்த படம் பலருக்கும் தெரிந்திருக்கும். வண்டியும் ஜனமும் நிறைந்த தெரு வெறிச்சென்று கிடக்கும். ஓரத்தில் ஒருவர் மட்டும் தெரிவார். பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வதற்காகக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றவர். பாலிஷ் போட்டவர் கை ஓயாமல் அசைந்ததால் ஒரு கறையாகத்தான் இருக்கிறார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்கள் என்று சொல்லப்படுகிற இருவர் இவர்கள். சேவையை வாங்கிக்கொண்டு நிற்கிறவன் தெளிவாக விழுகிறான், வேலை செய்கிறவன் கலங்கிப்போகிறான். ரசாயனத்துக்கு வர்க்கச் சார்பு கிடையாது என்று யாராவது சொன்னால் இந்தப் படத்தைக் காட்டலாம்.

ஆனால் காகிதத்தின் மேல் முழுப்பழியையும் போட முடியாது. ட்ரைப் நினைத்திருந்தால் ஆட்களை நிறுத்திவைத்து எடுத்திருக்கலாம். அதிகாரத்தில் இருந்த கேப்டன். "அசையாதே" என்றால் நின்றிருப்பார்கள். அளவு தெரிவதற்கு ஆள் நிறுத்துவது அந்தக் காலப் புகைப்படக்காரர்களின் சாதாரண வழக்கம். ட்ரைப்பிடமும் ஆங்காங்கே ஒன்றிரண்டு உருவங்கள் உண்டு. ஆனாலும் அவர் பெரும்பாலும் ஆளைத் தேடவில்லை. இல்லாத இன்னொன்றைத் தேடிப்போய்ச் சேர்த்தார்.

அது மேகம். அந்தக் காலத்து ரசாயனம் நீல நிறத்துக்கு அளவுக்கு மீறிக் கூர்மை, பச்சைக்கு மந்தம். அதனால் வானம் வெளுத்து வெறுங்காகிதமாகிவிடும், மரத்தின் இலைகள் கருந்திட்டாகிவிடும். ட்ரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் நிறம் பூசி மேகங்களை உண்டாக்கினார். கருந்திட்டான இலைக்கூட்டத்துக்கும் அப்படியே பூசி வெளிச்சம் ஏற்றினார். பொறுமையான, நுணுக்கமான வேலை. உற்றுப் பார்த்தாலொழியத் தெரியாது. ஆகவே, வெளுத்த வானம் அவருடைய கண்ணுக்குப் பொறுக்காத குறையாக இருந்திருக்கிறது. ஆளில்லாத ஆற்றுமணல் குறையாகப் படவே இல்லை. ஒருவருடைய கலைமூலம் எது என்று கண்டுபிடிக்க அவர் எதைத் திருத்தினார், எதைத் திருத்தாமல் விட்டார் என்று பார்ப்பது நல்ல வழி. இந்த மேகங்கள் மதுரை வானத்திலிருந்து வந்தவை அல்ல. இங்கிலாந்து நீர்வண்ண ஓவியங்களிலிருந்து வந்தவை.

*

18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் இங்கிலாந்தில் 'பிக்சரெஸ்க்' என்று ஒரு ரசனை பெரிய மோகமாகப் பரவியது. படமாக்கத் தகுந்த அழகு என்று சொல்லலாம். அதற்கு இலக்கணம் எழுதியவர்களில் முக்கியமானவர் வில்லியம் கில்பின் என்ற பாதிரியார். முன்னால் இருண்ட ஒரு திரட்சி, பக்கத்தில் திரைச்சீலை மாதிரி ஒரு மரம், நடுவில் வளைந்து போகிற ஆறு அல்லது சிதைந்த கட்டடம், பின்னால் பனிமூட்டத்தில் மலை. 17ஆம் நூற்றாண்டின் க்ளாட் லொரெய்ன் ரோம் சுற்றுவட்டாரத்தை வரைந்த ஓவியங்களிலிருந்து எடுத்த சட்டகம் இது. ஊரைச் சுற்றிப் பார்க்கப் போன கனவான்கள் 'க்ளாட் கண்ணாடி' என்று ஒன்றைக் கையில் வைத்திருந்தார்கள். கருப்பு ஏற்றிய, சற்றே புடைத்த சின்ன முகக்கண்ணாடி. நல்ல காட்சி வந்ததும் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கண்ணாடியில் விழும் பிம்பத்தைப் பார்ப்பார்கள். நிறமெல்லாம் அடங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டுமாக, ஒரு ஓவியம்போல நிலம் அதற்குள் தெரியும். கறுப்பு வெள்ளை நிலக்காட்சி கேமராவுக்கு முன்பே பிறந்துவிட்டது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். நிலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நிலத்தை ரசிப்பது! கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் கோவளத்திலோ சொத்தவிளையிலோ கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுத்துக்கொள்கிற நாம் சிரிக்க முடியாது.

கில்பின் இன்னொன்றும் சொன்னார். 1786இல் வெளியான ஏரிநாட்டுப் பயண நூலில், அறநோக்கில் பார்த்தால் உழைக்கிற தொழிலாளிதான் மனசுக்கு உகந்தவன். ஆனால் படத்தின் அழகு என்று வந்தால் சும்மா சாய்ந்து கிடக்கிற குடியானவன்தான் பொருந்துவான் என்கிற கருத்தில் எழுதுகிறார். அறம் ஒருபக்கம், அழகு ஒருபக்கம் என்று இவ்வளவு வெளிப்படையாக ஒருவர் பிரித்துச் சொன்னதற்கு நாம் நன்றிதான் சொல்ல வேண்டும். நிலக்காட்சியிலிருந்து உழைப்பை எடுத்துவிட வேண்டும் என்பது ஒரு தொழில்நுட்ப விபத்துக்கு எழுபது ஆண்டு முன்பே ஒரு அழகியல் விதியாக எழுதிவைக்கப்பட்டிருந்தது. மெழுகுக் காகிதத்தின் மந்தம் அந்த விதிக்குச் சௌகரியமாக வந்து வாய்த்தது.

இந்த ரசனையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களில் தாமஸ் டேனியலும் அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியலும் முக்கியமானவர்கள். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த 1792இல் தெற்கே வந்தார்கள். மதுரையை வரைந்தார்கள், பாபநாசம் அருவியை வரைந்தார்கள். 'காமெரா ஆப்ஸ்க்யூரா' என்ற இருட்டுப்பெட்டியில் விழுகிற பிம்பத்தைத் துணையாகக் கொண்டு கோடு போட்டார்கள். ரசாயனம் வருவதற்கு முன்னமே அந்தப் பெட்டி இங்கே வந்துவிட்டது. 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்களுடைய 144 வண்ண அச்சுப்படங்கள் ஆங்கிலேயர் மனதில் இந்தியா என்றால் எப்படியிருக்கும் என்பதைத் தீர்மானித்தன. ட்ரைப்பின் மதுரையை டேனியல்களின் மதுரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாயக்கர் அரண்மனையின் தூண்களை எங்கே நின்று பார்க்க வேண்டும், சிதைவை எந்த அளவுக்குக் காட்டினால் அழகு என்பதையெல்லாம் அவருக்கு முன்பே ஓவியர்கள் முடிவுசெய்துவிட்டிருந்தார்கள்.

அந்த 144இல் ஒன்று நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 'கன்னியாகுமரி, களக்காட்டுக்கு அருகிலிருந்து' என்று பெயர். களக்காட்டிலிருந்து குமரிமுனை நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே இறங்கி முடிகிற இடத்தைத்தான் அவர்கள் குமரி என்று வரைந்திருக்கிறார்கள். எங்கள் வயல், ஆறு, குளம், உப்பளம், துறை, இதெல்லாம் அந்த மலைக்குப் பின்னால். நாஞ்சில் நாடு முதன்முதலாக உலகத்துக்குப் படமாக அறிமுகமானபோது மலைக்கு மறைவில் இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

*

ட்ரைப் வெறும் ரசிகர் அல்ல, சம்பளம் வாங்கிய அதிகாரி. இங்கே இன்னொரு செல்வாக்கு வருகிறது. ஜேம்ஸ் ஃபெர்குஸன் 1840களில் இந்தியக் கட்டடங்களைப் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். பழஞ்சின்னங்களைப் பதிவுசெய்ய வரைவாளர்களைவிடக் கேமரா சிக்கனம், துல்லியம் என்று 1855 வாக்கில் கம்பெனியின் இயக்குநர்கள் முடிவெடுத்தார்கள். அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் 1850இல் மதராஸில் ஓவியப்பள்ளி தொடங்கியிருந்தார். 1856இல் அங்கே புகைப்படச் சங்கமும் வந்துவிட்டது. ட்ரைப்புக்கு இடப்பட்ட வேலை, மறைந்துபோவதற்கு முன் பதிந்து வைப்பது. அழிவது கட்டடம் என்று வைத்துக்கொண்டு பார்க்கிற கண்ணுக்கு, அந்தக் கட்டடத்தில் அன்றாடம் புழங்குகிறவர்கள் இடைஞ்சல்தான். கட்டடம் வரலாறு, ஆள் இரைச்சல்.

ஆளைப் பதிவுசெய்யவில்லையா என்றால், செய்தார்கள். வேறு புத்தகத்தில். 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற புகைப்பட நூலை இந்திய அலுவலகம் வெளியிட்டது. சாதிவாரியாக, இனவாரியாக ஆட்கள். பல படங்களில் ஆளுக்குப் பின்னால் நிலமே கிடையாது, துணியோ சுவரோதான். தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகளைத் தொகுத்தபோதும் இந்த வழிதான். நிலம் ஒரு தொகுதி, மக்கள் வேறொரு தொகுதி. காலனியப் பார்வை என்று பொதுவாகச் சொல்வதைவிட இந்தப் பிரிப்பைச் சுட்டிக்காட்டுவது மேல் என்று நினைக்கிறேன். நிலத்தை அழகாகவும் மக்களை மாதிரிகளாகவும் தனித்தனியே அடுக்கியபின் அந்த மக்களுக்கும் அந்த நிலத்துக்கும் என்ன உறவு, யார் உழுதார்கள், யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழ இடமே இல்லை.

ட்ரைப்புக்குப் பிறகு 1863இல் வந்த சாமுவேல் போர்னிடம் இது இன்னும் முற்றிவிட்டது. இமயமலையைப் படமெடுத்தவர். அவருடைய பயணக் கட்டுரைகளில் ஓடிப்போன சுமைகூலிகளைப் பற்றி எரிச்சலான விவரணைகள் உண்டு. இந்திய மரங்களும் ஆறுகளும் இங்கிலாந்தைப்போல இல்லையே என்ற குறையும் உண்டு. கூலிகள் எழுத்தில் வருகிறார்கள், படத்தில் சிகரங்கள் வருகின்றன.

*

இதுவரை சொன்னதைத் தோழர் கேட்டால், "நான் சொன்னதைத்தானே நீட்டிச் சொல்றீங்க" என்பார். ஆனால் ட்ரைப் இந்தச் சட்டகங்களுக்குள் முழுசாக அடங்கவில்லை. அதுதான் அவரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வைக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டுகளை அவர் ஒரு தொடராக எடுத்தார். கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு துண்டாக, 21 படங்கள். அவற்றை ஒட்டிச் சேர்த்தால் சுமார் 19 அடி நீளத்துக்கு விரியும் ஒரே படம். இதில் பிக்சரெஸ்க் இல்லை. முன்னணியில் மரம் இல்லை, தூரத்து மலை இல்லை, மேகம் வரைய வானமே இல்லை. நிற்பதற்குச் சிறந்த இடம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. கல்வெட்டைப் படிக்க வேண்டுமென்றால் அதன் கூடவே நடக்க வேண்டும் என்று அந்தக் கேப்டனுக்குப் பட்டிருக்கிறது. அவருக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்ததா என்பது இதில் முக்கியமில்லை. பொருள் தன் வடிவத்தைப் படத்தின்மேல் ஏற்றிவிட்டது என்பதுதான் முக்கியம். ஒரு கலைஞனுக்கு முன்னோடி ஓவியங்கள் மட்டும் குருவல்ல. எதிரில் இருக்கிற கல்லும் சில சமயம் குருவாகிவிடுகிறது.

அந்தக் கல்லில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் சுவாரஸ்யம். ஹூல்ஷ் 1891 முதல் பதிப்பித்த தஞ்சைக் கல்வெட்டுகளில் வரியில்லா நிலங்களைப் பட்டியலிடும் இடங்களில் ஊர்நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி எல்லாம் வருகின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர் பெயரோடும் வீட்டோடும் வருகிறார்கள். ராஜராஜனின் நில அளவைக்காரனுக்கு ஆளையும் நிலத்தையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. யாரை எங்கே ஒதுக்கிவைப்பது என்பதுதானே அவனுடைய கணக்கு. பிக்சரெஸ்க் அழகாக மறைத்ததை அதிகாரத்தின் பழைய கல் மறைக்கத் தேவையில்லாமல் வெட்டிவைத்திருக்கிறது.

இங்கே நம்மவர்கள் வழக்கமாக ஒன்று சொல்வார்கள். வெள்ளைக்காரனுடைய நிலக்காட்சியில் ஆளில்லை. நம்ம திணை மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள், உயிர்களும் தொழிலும் கருப்பொருள், மனித ஒழுக்கம் உரிப்பொருள். ஆளில்லாமல் நமக்கு நிலமே கிடையாது என்று. நானும் எம்.ஏ. படிக்கிற காலத்தில் இதை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதே தொல்காப்பியம்தான் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்கு வெளியே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம் தள்ளி நிறுத்துகிறது. ஏவல் செய்கிறவனுக்கு அன்பின் ஐந்திணை கிடையாது. கில்பின் உழைப்பாளியைப் படத்திலிருந்து விலக்கினார், நம் இலக்கணக்காரர் அகத்திலிருந்து விலக்கினார். இரண்டும் ஒன்றல்ல. காலம் வேறு, காரணம் வேறு. ஆனால் கில்பினைக் கண்டிக்க நாம் தொல்காப்பியத்தின் மேல் ஏறி நின்றுகொள்ள முடியாது என்கிறேன்.

இதே சிக்கல் மதுரையின் வெற்று வீதிகளிலும் இருக்கிறது. ட்ரைப் எடுத்த படங்களில் ஒன்று விளக்குத்தூண். கோட்டைச் சுவரை இடித்து மதுரையை விரித்த கலெக்டர் பிளாக்பர்னின் ஞாபகமாக நிறுத்தியது. அதைச் சுற்றிய வெறுமையைப் பார்க்கும்போது ஒன்று உறைக்கிறது. கேமராவின் மந்தம் எல்லாரையும் சமமாக அழித்தது. பட்டரும் இல்லை, வியாபாரியும் இல்லை, தோட்டியும் இல்லை. ஆனால் அன்றைய கோயில் எல்லாரையும் சமமாக வெளியே நிறுத்தவில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நாடார்களும் தலித்துகளும் நுழைந்தது 1939 ஜூலை 8ஆம் தேதி. கமுதி கோயில் வழக்கில் நாடார்களுக்கு உரிமை இல்லையென்று லண்டன் பிரிவி கவுன்சிலே 1908இல் தீர்ப்புச் சொன்னது. அப்படியானால் ட்ரைப்பின் ஆளற்ற மண்டபத்தில் இரண்டு வெறுமை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது: காகிதத்தில் விழாதவர்களின் வெறுமை, உள்ளே விடப்படாதவர்களின் வெறுமை. முதல் வெறுமை இரண்டாவதை மூடிவிடுகிறது. யாருமே இல்லாத மண்டபத்தில் யார் இருக்கக்கூடாது என்பது எப்படித் தெரியும்? காலனியப் பார்வை என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வதில் எனக்கு இருக்கிற வருத்தம் இதுதான். அது நம்முடைய பங்கைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

*

நம்ம பக்கம் வரவில்லை என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூர் சமஸ்தானம் மதராஸ் அரசாங்கத்தின் நேரடி ஆட்சியில் இல்லை. ட்ரைப் இந்தத் தொகுதிகளை முடித்துக்கொண்டிருந்த 1858இன் கடைசி மாதங்களிலும் 1859இன் தொடக்கத்திலும் நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் தோள்சீலைக் கலவரம் உச்சத்தில் இருந்தது. மாரை மறைத்துத் துணி போட்டதற்காக நாடார் பெண்களின் ரவிக்கைகள் பொது இடத்தில் கிழிக்கப்பட்டன, வீடுகள் கொளுத்தப்பட்டன. 1859இல் சர் சார்லஸ் ட்ரெவெல்யன் மதராஸ் கவர்னராக வந்தார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்ததற்குப் பெயர்போன அதே அதிகாரி. வந்த சில மாதத்தில், 1859 ஜூனில், புகைப்படம் எடுப்பது அரசாங்கத்துக்கு ஆடம்பரச் செலவு என்று சொல்லி ட்ரைப்பின் வேலையை நிறுத்தினார். அதே ஆண்டு, அதே கவர்னர், தோள்சீலை விஷயத்தில் திருவிதாங்கூர் மன்னரை நெருக்கினார். 1859 ஜூலை 26ஆம் தேதி பிரகடனம் வந்தது: நாடார் பெண்கள் மேலுடம்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக்கூடாது. ஒரே மேசையில் சில வார இடைவெளியில் நகர்ந்த இரண்டு கோப்புகள். ஒன்று நிலத்தைப் பற்றியது, மற்றது ஆளைப் பற்றியது.

ட்ரைப் வந்திருந்தால் எதை எடுத்திருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, சுசீந்திரத்தின் தெப்பக்குளமும் தேரோடும் வீதியும். வீதி வெறிச்சென்றுதான் இருந்திருக்கும். அந்த வீதியில் நடப்பதற்கான உரிமைக்காக 1926இலும் 1930இலும் சத்தியாக்கிரகம் நடத்த வேண்டியிருந்தது என்பதைப் படம் சொல்லியிருக்காது. வேலை போனபிறகு ட்ரைப் பெரிதாகப் படமெடுக்கவும் இல்லை. 1902இல் பிறந்த ஊரிலேயே இறந்தார்.

ஆனால் அவருக்குப் பாடம் சொன்ன அந்தக் கண் நம்ம ஊருக்கு வராமல் இல்லை. கொஞ்சம் தாமதமாக, வேறு வழியில் வந்தது. பழைய ஸ்டூடியோக்களில் பின்னால் தொங்குகிற வரைந்த திரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் ஒரு பெரிய மரம், ரெண்டு தூண், படிக்கட்டு, நடுவில் வளைந்த ஏரி, ஏரியில் அன்னம், தூரத்தில் நீல மலை. கில்பினின் இலக்கணம் அப்படியே இருக்கும், எழுதிய பெயிண்டருக்கு கில்பின் யாரென்று தெரியாவிட்டாலும். அலமாரிக் காலண்டர்களிலும் இதுதான். முட்டம் பாறைகளைச் சினிமா கண்டுபிடித்தபோதும் ('அலைகள் ஓய்வதில்லை' 1981இல்) கடலும் பாறையும் தேவாலயமும் கிடைத்தன. வலை இழுக்கிறவர்கள் பின்னணிக்கு ஒதுங்கினார்கள். நம்ம கவிதைகளில் வருகிற நாஞ்சில் நாட்டு வயலில் கொக்கு எத்தனை, களை பறிக்கிற பெண் எத்தனை என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். நான் எழுதியவற்றில் எண்ணிப் பார்த்தேன். கொக்குதான் அதிகம்.

எங்கள் வீட்டில் என் அப்பாவைப் பெற்ற பாட்டியின் படம் ஒன்றுதான் இருக்கிறது. அறுபதுகளில் நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது, கறுப்பு வெள்ளை. முழங்கைவரை வந்த வெள்ளை ரவிக்கை, மேல் பித்தான்வரை போட்டிருக்கிறாள். கழுத்து விறைத்திருக்கிறது, அசையாதே என்று சொல்லியிருப்பார்கள். பின்னால் அந்த ஏரி, அன்னம், மலை. அவள் காலமெல்லாம் ஓலை முடைந்த மேட்டுவிளையும், கதம்பை அழுகப்போட்ட காயலோரமும் அதில் இல்லை. இந்தப் படத்தையும் பாட்டாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்கு ஆளை உடனே தெரிந்துவிட்டது. பெயரைச் சொன்னார். அப்புறம் பின்னால் இருந்த ஏரியைக் காட்டி, "இது எந்தக் கொளமாக்கும்?" என்று கேட்டார்.